ரோத்கோ ஓவியத்துக்கு இவ்வளவு விலை ஏன்?

கேள்வி: மார்க் ரோத்கோ 1961ல் வரைந்த 'ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள்' 2012ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 8 கோடியே 69 லட்சம் டாலருக்குப் போயிருக்கிறது. படத்தைப் பார்த்தேன், மூன்று வண்ணப் பட்டைகள், அவ்வளவுதான். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. இதில் கலை எங்கே இருக்கிறது?

பதில்: போனில் பார்த்தீர்களா? அதுதான் சிக்கல். அந்த ஓவியத் துணி ஏழு அடிக்கு மேல் உயரம். ரோத்கோ வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மெல்லிசாகப் பூசி, அதன்மேல் இன்னொரு பூச்சு, அதற்குமேல் இன்னொன்று என்று போவார், அதனால் அடியில் இருக்கும் நிறம் மேலே லேசாகக் கசியும். பட்டைகளின் ஓரமும் கோடு கிழித்த மாதிரி இருக்காது, புகை மாதிரி கலைந்திருக்கும். நான் ஒரு ரோத்கோ முன்னால் சும்மா இரண்டு நிமிடம் நிற்கலாம் என்று போய் அரை மணி நேரம் நின்றேன். உங்களுக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை.

பதில்: அதெல்லாம் சரி, ஆனால் விலைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. பாஸ்கியா என்ற இன்னொரு ஓவியர் 1982ல் வரைந்த மண்டையோட்டு ஓவியம் 1984ல் சுமார் 20,000 டாலருக்கு விற்றது, 2017ல் அதுவே 11 கோடியே 5 லட்சம். இடையில் அதில் ஒரு கோடுகூடக் கூடவில்லை. ஓவியர் இறந்துவிட்டார், இனிமேல் புதிதாக ஒன்று வரப்போவதில்லை, நல்லவற்றில் பல மியூசியத்துக்குள் போனால் வெளியே வருவதே அபூர்வம். மிச்சத்துக்கு விட்டுக்கொடுக்காத இரண்டு பணக்காரர்கள் மோதினால் போதும்.

பதில்: நியூயார்க்கில் நோட்லர் என்று நூறாண்டுக்கும் மேல் பழமையான கேலரி ஒன்று 2011 வரை இருந்தது. அங்கே 2004ல் ஒரு 'ரோத்கோ' 83 லட்சம் டாலருக்கு விற்றது. பிற்பாடு போலி என்று தெரிந்தது, அந்த ஊரிலேயே ஒருவர் வரைந்துகொடுத்திருக்கிறார். வாங்கியவர் வீட்டில் அத்தனை வருடம் அது நல்ல ஓவியமாகத்தானே தொங்கியிருக்கும்? நிறம் மாறவில்லை, அளவு மாறவில்லை, பணம் மட்டும் காணோம். அவர் காசு கொடுத்தது வண்ணத்துக்கா, இது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற காகிதத்துக்கா?

கேள்வி கேட்டவர்: அந்தப் போலி விஷயம் தெரியாது. அப்படியென்றால் முதல் பதில் சொன்னவரிடம் ஒன்று கேட்கிறேன், அந்தப் போலி முன்னால் நின்றிருந்தாலும் அரை மணி நேரம் ஆகியிருக்குமா?

முதல் பதில் சொன்னவர்: ஆகியிருக்கலாம். அதைத்தான் நானும் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.