பழைய ஜீப் பிக்கப்: ஸ்டியரிங் கனமாவும் இருக்கு, ஆட்டமும் இருக்கு. பவர் ஸ்டியரிங் போடலாமா?

வில்லிவாக்கம்_பிக்கப்:
வணக்கம். வண்டி 1972 மாடல் மஹிந்திரா ஜீப், ஃபோர் வீல், பின்னாடி தொட்டி கட்டினது. பெரியப்பா காய்கறி லோடு அடிச்ச வண்டி. பெட்ரோல் இஞ்சினை அவர் காலத்துலயே இறக்கிட்டு டீசல் வெச்சாச்சு, ஆர்சியிலயும் ஏத்தியாச்சு. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையெல்லாம் இதுக்குத்தான் போகுது. தொட்டி, பிரேக் முடிஞ்சுது. ஸ்டியரிங்தான் உசுரை வாங்குது.

நிக்கிறப்ப திருப்ப ரெண்டு கையும் பத்தல. ஓடுறப்ப அப்படியே தலைகீழ்: ஸ்டியரிங் வீலை நாலு விரக்கடை ஆட்டினாலும் டயர் அசையாது. பாடி மேம்பாலத்துல பக்கத்துல பஸ் வந்தா மூச்சைப் பிடிச்சுக்கிறேன். 6.00-16 டயரைக் கழட்டிட்டு 235/75 ஆர்15 போட்டிருக்கேன்.

புதுப்பேட்டையில ரெண்டு யோசனை சொன்னாங்க. ஒண்ணு, பொலிரோ பவர் ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் வீல் சுத்துறதை சக்கரத்துப் பக்கம் அனுப்புற பல் பெட்டி), பம்ப்போட. இன்னொண்ணு, மாருதி காரோட எலக்ட்ரிக் ஸ்டியரிங் காலம் (மோட்டார் வெச்ச ஸ்டியரிங் தண்டு). ஷாஃப்டை வெட்டி வெல்டு அடிச்சுத் தர்றேன்னு பட்டறையில சொல்றாங்க. எதைப் போடலாம்?

ஈசிஆர்_ஜீப்:
எலக்ட்ரிக் போடுங்க ப்ரோ. நான் போட்டு ஒரு வருஷமாச்சு, சுண்டு விரல்ல திரும்புது.

கிண்டி_ஃபிட்டர்:
தம்பி, கனம் ஒரு வியாதி, ஆட்டம் வேற வியாதி. மோட்டாரை மாட்டினா கனம் போயிடும். ஆட்டம் அங்கயேதான் இருக்கும், ஆனா கைக்குத் தெரியாது. அதுதான் ஆபத்து.

முதல்ல ஒரு காசு செலவில்லாம பாருங்க. பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில தூக்கி ஸ்டாண்ட் வெச்சுட்டு ஸ்டியரிங் வீலைத் திருப்புங்க. லேசா திரும்புச்சுன்னா கனத்துக்குக் காரணம் டயரும் டீசல் இஞ்சின் எடையும். அப்பவும் இறுக்கமா இருந்தா டிராக் லிங்க்கை (பாக்ஸுலேர்ந்து வர்ற கம்பி) கழட்டிட்டு, சக்கரத்தைக் கையால தள்ளிப் பாருங்க. இன்னும் இறுக்கம்னா கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்புற அச்சு) பேரிங். சக்கரம் லேசாகி ஸ்டியரிங் வீல் மட்டும் இறுக்கம்னா பாக்ஸ்.

அடுத்தது ஆட்டம். வண்டியைத் தரையில இறக்கி, பையன் ஒருத்தனை உக்கார வெச்சு வீலை அப்படியும் இப்படியும் ஆட்டச் சொல்லுங்க. நீங்க கீழ படுத்து ஒவ்வொரு மூட்டா கை வெச்சுட்டு வாங்க. இந்த வண்டியில பாக்ஸ் நேரா சக்கரத்தைத் திருப்பாது. டிராக் லிங்க் வந்து நடுவுல ஒரு பெல் கிராங்க்கை (பின்னுல சுத்துற முழங்கை மாதிரி துண்டு) தள்ளும், அதுலேர்ந்துதான் சக்கரத்தைத் தள்ளுற ரெண்டு டை ராடும் ரெண்டு பக்கம் போகுது. அந்த பெல் கிராங்க் பின்னுதான் பாதி ஜீப்புல குற்றவாளி. எல்லாரும் பாக்ஸ் மேல பழியைப் போட்டு ஸ்க்ரூவை இறுக்கித் தள்ளுவாங்க, அது உள்ள இருக்கிற வார்மை (மரை மாதிரி பல்) தின்னுடும்.

வெல்டு விஷயம்: ஸ்டியரிங் ஷாஃப்டுல வெல்டு வேணாம். அந்தப் பட்டறைக்கே போகாதீங்க.

வில்லிவாக்கம்_பிக்கப்:
அண்ணே, ரெண்டும் பிடிபட்டுச்சு. தூக்கி வெச்சும் இறுக்கம்தான். டிராக் லிங்க்கைக் கழட்டினப்புறம் இடது சக்கரம் கடக் கடக்னு படி படியா திரும்புச்சு. பிரிச்சா கீழ் பேரிங் கப்புல ரோலர் உக்காந்த இடமெல்லாம் பள்ளம், கிரீஸ் காஞ்சு பழைய புளி மாதிரி இருக்கு. பெல் கிராங்க் பின்னுல நகத்தை ஓட்டினா தட்டுது. என் தங்கச்சி பையன்தான் வீலை ஆட்டினான், சம்பளம் ரெண்டு ஐஸ்கிரீம்.

கிண்டி_ஃபிட்டர்:
பேரிங்கைக் கப்போட சேர்த்து மாத்துங்க, ரெண்டு பக்கமும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல பழைய நம்பரைக் காட்டினா எடுத்துக் கொடுப்பாங்க. ஷிம்மை (இடையில வைக்கிற மெல்லிய தகடு) குறைச்சு அழுத்தம் வைக்கிறப்ப லேசா பிடிக்கணும், இறுக்கக்கூடாது. டோ இன் (முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் உள்ள ஒடுங்குற அளவு) 3/64-லேர்ந்து 3/32 இஞ்ச், காஸ்டர் (கிங் பின் பின்னாடி சாயுற கோணம்) 3 டிகிரி. ஸ்ப்ரிங் பட்டாவை மாத்தியிருந்தா காஸ்டர் கெட்டிருக்கும், ஆப்பு வெச்சு சரி பண்ணணும்.

அம்பத்தூர்_லேத்:
பவர் பத்தி என் பங்குக்கு. பொலிரோ பாக்ஸ்னா சேசிஸுல உக்கார்ற இடத்துக்குத் தகடு கொடுத்து பலப்படுத்தணும், இல்லன்னா விரிசல் விடும். பிட்மன் ஆர்ம் (பாக்ஸுலேர்ந்து வெளிய வந்து டிராக் லிங்க்கைத் தள்ளுற கை) எந்தப் பக்கம் சுத்துதுன்னு கட்டுறதுக்கு முன்னாடியே பாருங்க. எங்க பட்டறையில ஒரு வண்டி வலது திருப்பினா இடது போச்சு. சிரிச்சு முடிக்க அரை நாளாச்சு, திருப்பிக் கட்ட ஒரு வாரம்.

எலக்ட்ரிக்னா கரென்ட் பாருங்க. நின்ன இடத்துல திருப்புறப்ப 30, 40 ஆம்பியர் இழுக்கும். இன்னும் டைனமோதான் ஓடுதுன்னா தாங்காது, ஆல்டர்னேட்டர் வேணும். தனி ஃப்யூஸ், தடிமனான ஒயர். ஷாஃப்டுக்கு பல் வெட்டின ஜாயிண்ட் போட்டு போல்ட்டுல பிடிக்கணும்.

ஆர்சியில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்லுது. கை வைக்கிறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

வில்லிவாக்கம்_பிக்கப்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். பேரிங், பெல் கிராங்க் பின், ரெண்டு டை ராட் எண்ட் மாத்தியாச்சு. டயர் காத்து 18-ல வெச்சிருந்தேன், 28 ஆக்கினேன். ஆட்டம் இப்ப ஒரு விரக்கடைதான். மேம்பாலத்துல ஒரு கையில ஓட்டினேன் (வீட்டுல சொல்லிடாதீங்க). பார்க்கிங்குல மட்டும் இன்னும் கனம், ஆனா திரும்புது. பவரை இப்போதைக்குத் தள்ளி வெச்சுட்டேன்.

ஒரே குறை: நேரா போறப்ப ஸ்டியரிங் வீல் கால் சுத்து இடது பக்கம் சாஞ்சு நிக்குது. வீலைக் கழட்டி மாத்தி மாட்டிடவா?

கிண்டி_ஃபிட்டர்:
வீலைத் தொடாதீங்க. பாக்ஸ் நடு இடத்துல இருக்கிறப்பதான் வண்டி நேரா போகணும், அந்த இடத்துலதான் பாக்ஸுல ஆட்டம் குறைவு. ஒரு கோடியிலேர்ந்து மறு கோடி வரைக்கும் சுத்தை எண்ணி, பாதியில நிறுத்துங்க. அப்புறம் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற கம்பி நீளத்தை சரி பண்ணி சக்கரத்தை நேராக்குங்க. அதுக்கப்புறமும் வீல் சாஞ்சிருந்தா மட்டும் கழட்டுங்க.