வேர்ட்பிரஸ் அட்மின் மெனுவை ஒழுங்குபடுத்த உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நான் பார்த்துக்கொள்ளும் வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) தளத்தில் இப்போது 23 ப்ளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்கள்). சில 'அமைப்புகள்' அடியில், சில 'கருவிகள்' அடியில், மீதியெல்லாம் மேல்மட்டத்தில் என்று இடதுபக்க மெனு திரைக்குக் கீழேயும் நீள்கிறது. நேற்று கட்டுரை எழுத வந்த ஒருவர், பாவம், 'பதிவுகள்' என்று நினைத்து ஸ்லைடர் ப்ளகினுக்குள் போய் அரை மணி நேரம் தட்டச்சு செய்திருக்கிறார்.

மெனு வரிசையை மாற்ற உதவும் 'மெனு ஆர்டர்' ஃபில்டரைக் கோடில் போட்டதில் மேல்மட்ட வரிசை சரியாகிவிட்டது. உள்மெனுதான் அடங்கவில்லை. ஃபார்ம் ப்ளகினின் பக்கத்தை வேறொரு தலைப்புக்குக் கீழே மாற்றியதும், 'இந்தப் பக்கத்தை அணுக உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. சரி, மறைத்தாவது விடலாம் என்றால், மெனுவிலிருந்து நீக்கினாலும் முகவரியை நேராக அடித்தால் பக்கம் திறக்கிறதே! அது பாதுகாப்பே இல்லை.

எனக்கு வேண்டியது இதுதான்: ஐந்தாறு ப்ளகின்களை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவர வேண்டும், அனுமதிகள் கெடக்கூடாது. அப்புறம், எடிட்டர்களுக்கு மட்டும் சுருக்கமான மெனு தெரிய வேண்டும். இதற்காக இன்னொரு ப்ளகின் போடத் தயக்கமாக இருக்கிறது. கோடிலேயே செய்தவர்கள் யாராவது இருந்தால், எந்த ஹூக்கில் (வேர்ட்பிரஸில் நம் கோடை இணைக்கும் இடம்), எந்த முன்னுரிமை எண்ணில் (அது இயங்கும் வரிசை) செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.