லாஸ் வேகஸ்: சட்டப்படி வாங்கிய கஞ்சாவைப் புகைக்க இடம் கிடைக்கவில்லை

வணக்கம். லாஸ் வேகஸ் அமைந்துள்ள அமெரிக்க மாநிலமான நெவாடாவில் 21 வயது நிரம்பியோருக்குக் கஞ்சா விற்பது 2017 முதல் சட்டபூர்வமானது என்பதால், உரிமம் பெற்ற கடையொன்றில் கடவுச்சீட்டைக் காட்டி, கிரெடிட் கார்டை ஏற்காத காரணத்தால் ரொக்கம் கொடுத்து, முத்திரையிட்ட பொட்டலமாகச் சிறிதளவு வாங்கினேன். வாங்குவது எளிது, புகைக்கத்தான் இடமில்லை. சூதாட்ட விடுதிகள் நிறைந்த ஸ்ட்ரிப் சாலையில் நான் தங்கியுள்ள விடுதி அறையிலும் சூதாட்டக் கூடத்திலும் அனுமதி மறுத்துவிட்டனர் (சிகரெட்டுக்கு மட்டும் அங்கே தாராளம்). தெருவிலும் வாடகைக் காரிலும் புகைப்பது குற்றம். கடைக்காரரோ தனியார் வீட்டில்தான் புகைக்கலாம் என்கிறார். சுற்றுலா வந்தவனுக்கு இங்கே வீடேது? 2021இல் இயற்றிய சட்டப்படி கஞ்சா புகைப்பதற்கான நுகர்வுக் கூடங்களுக்கு அனுமதி உண்டென்று அறிந்து ஓரிடத்தில் விசாரித்தபோது, வெளியில் வாங்கியதைக் கொண்டுவரக் கூடாது என்றனர். நாளை மறுநாள் காலை விமானம். அதில் எடுத்துச் செல்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வெளியில் வாங்கியதையும் புகைக்க அனுமதிக்கும் விடுதியோ கூடமோ ஸ்ட்ரிப்புக்கு அருகில் ஏதேனும் தற்போது இயங்குகிறதா?