நிறத்தை விடுங்கள், ஓட்டைத் திறந்து பாருங்கள்

குழு: காட்டுக்குப்பம் சொந்தபந்தம்

லட்சுமி சித்தி: [படம்] ஆற்றில் தடவி எடுத்த மட்டி. கார்த்திக் ஒன்றை வகைப்படுத்தி எழுத வேண்டுமாம். சிலது மஞ்சள், சிலது கறுப்பு. ரெண்டு இனமா தேவி?

தேவி: ஒரே இனம்தான் என்று நினைக்கிறேன் சித்தி. சேற்றில் கிடந்தால் மஞ்ச மட்டியும் கறுத்துப்போகும். நிறத்தை வைத்து இனம் சொல்லக் கூடாது. வேகவைத்துச் சதையை எடுத்துவிட்டு, ஓட்டின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மாணிக்கம் மாமா: கறுப்பாக இருந்தால் காக்கா ஆழி என்று எழுதிவிடப் போகிறான், பார்த்துக்கொள்.

தேவி: அது வேற குடும்பம் மாமா. காக்கா ஆழி என்பது மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா என்ற சிப்பி, அமெரிக்கக் கண்டத்து வெப்பக் கடலோரத்தைச் சேர்ந்தது. நீளமாக இருக்கும், நாரால் ஒட்டிக்கொள்ளும். மட்டி தன் காலால் மண்ணைத் தோண்டிப் புதைந்து வாழும்.

மாணிக்கம் மாமா: அதுதான் வயிறு எரிகிறது. அது தரையெல்லாம் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டால் மட்டி எங்கே புதையும், இறால் எங்கே புதையும்? கொசஸ்தலை ஆற்றில் கை விட்டாலே அதுதான் அகப்படுகிறது.

கார்த்திக்: அக்கா, [படம்] உள்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. இதில் எது இடது ஓடு?

தேவி: ரெண்டையும் சேர்த்துப் பிடி. ரெண்டும் சேரும் மூட்டு மேலே இருக்கட்டும். அங்கே ஓடு புடைத்து நிற்கும் முனைதான் மூக்கு. மூக்குக்குப் பின்னால் கறுப்பாகத் தடித்த தசைநார் தெரியும், அது உன் பக்கம் வரட்டும். இப்போது உன் இடது கைப் பக்கம் இருப்பதுதான் இடது ஓடு. மூக்குக்குக் கீழே பற்களை எண்ணு.

கார்த்திக்: நடுவில் மூன்று. முன்பக்கம் தனியாக ஒன்று.

தேவி: அருமை! வலது ஓட்டிலும் நடுவில் மூன்று இருக்கும். இடது ஓட்டின் அந்தத் தனிப் பல்லுக்கு வலதில் ஒரு குழி. ஓட்டின் மேல் வரி வரியாக மேடும், மூட்டில் ஒரே வரிசையில் நிறைய சின்னப் பற்களும் இருந்தால் அது அனடாரா என்ற வேறு பேரினம், இது இல்லை. அப்புறம் உள்ளே தசை ஒட்டியிருந்த ரெண்டு தழும்புகளை இணைக்கும் மங்கலான கோட்டைப் பார். பின்பக்கம் லேசாக உள்ளே வளைந்திருக்கிறதா?

கார்த்திக்: ரொம்பக் கொஞ்சம்தான் அக்கா.

தேவி: அந்த வளைவு நீர்க்குழாயை உள்ளிழுக்கும் இடம். வளைவு சின்னது என்றால் குழாயும் குட்டை, அதனால் மட்டி ஆழமாகப் புதையாது. உன் மாமா கையால் தடவியே எடுப்பது அதனால்தான். இதை அவசியம் எழுது.

வகைப்பாடு: வகுப்பு பைவால்வியா, வரிசை வெனெரிடா, குடும்பம் வெனெரிடே, இனம் மெரெட்ரிக்ஸ் காஸ்டா (ஜ்மெலின், 1791). அடைப்புக்குறியை விட்டுவிடாதே. இதற்குப் பெயர் வைத்த ஜ்மெலின் முதலில் இதை வீனஸ் பேரினத்தில் வைத்தார், பிறகு மெரெட்ரிக்ஸுக்கு மாற்றினார்கள். பேரினம் மாறியதற்கு அடைப்புக்குறிதான் அடையாளம்.

லட்சுமி சித்தி: ஓடுகளை என்ன செய்வது?

தேவி: ஜோடி பிரியாமல் நூலால் கட்டி, எடுத்த இடம், தேதி, மணலா சேறா, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று சீட்டு எழுதி வையுங்கள் சித்தி. சீட்டு இல்லாத ஓடு ஆராய்ச்சிக்கு உதவாது. மாமா, இடத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.

மாணிக்கம் மாமா: முகத்துவாரத்துக்கு உள்ளே, மணலும் சேறும் கலந்த தரை. முழங்கால் தண்ணீர். எழுதிக்கொள் கார்த்திக்.