வர்தா அல் ஜசாயிரியா யாருடைய பாடகி?

குமரித்துறை எழுதியது:
வர்தாவை ‘அல்ஜீரியப் பாடகி’ என்பது மேடைப் பெயரளவில்தான் (‘அல் ஜசாயிரியா’ என்றால் ‘அல்ஜீரியப் பெண்’) பொருந்தும் என்பது என் வாதம். அவர் 1939இல் பாரிசில் பிறந்தவர். தாய் லெபனானைச் சேர்ந்தவர். பெரும்புகழ் தந்த பாடல்கள் எகிப்திய வழக்கில் அமைந்தவை. மெட்டமைத்த முகமது அப்துல் வஹாப், பலீக் ஹம்தி, சையத் மெக்காவி மூவரும் எகிப்தியர்கள்.

பாலைக்கண்ணன் எழுதியது:
பாடல்களை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது, நண்பரே. பாரிசில் அல்ஜீரியரான அவருடைய தந்தை நடத்திய இரவு விடுதியின் பெயர் ‘தாம் தாம்’. துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோ ஆகியவற்றின் முதலெழுத்துகளை (T, A, M) கோத்துச் சூட்டியது. சிறுமி வர்தா பாடத் தொடங்கியது அங்கேதான். அல்ஜீரியப் போராளிகளுக்கான ஆயுதங்கள் அங்கே சிக்கியதும் காவல்துறை விடுதியை இழுத்து மூட, குடும்பம் பெய்ரூட்டுக்குப் பெயர்ந்தது. அங்கும் அவர் அந்த விடுதலைப் போரைப் பாடினார்.

குமரித்துறை எழுதியது:
தந்தையின் அரசியலை நான் மறுக்கவில்லை. 1962இல் விடுதலை பெற்ற அந்த நாடு மகளுக்குத் தந்தது என்ன? அங்கே திரும்பி ஓர் அதிகாரியை மணந்தார். வர்தா பாடக் கூடாதென்றார் அந்தக் கணவர். ஏறத்தாழ பத்தாண்டுகள், ஒரு குரல் முற்றித் திரளும் பருவம் முழுவதும், அது வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது.

பாலைக்கண்ணன் எழுதியது:
கணவர் விதித்த தடையை நாட்டின் கணக்கில் எழுதுகிறீர்கள். 1972இல், விடுதலையின் பத்தாம் ஆண்டு விழாவில் பாடுமாறு அழைத்தவர் அதிபர் பூமெதியன். வர்தா பாடினார், மணவாழ்க்கை முறிந்தது, அதன் பிறகே கெய்ரோ சென்று பலீக் ஹம்தியை மணந்தார். மீண்டும் மேடையேற்றியது எந்த நாடு?

செவிச்செல்வி எழுதியது:
இருவரும் குரலை மறந்துவிட்டீர்கள். எகிப்தின் பெரும்பாடகி உம்மு குல்தூமுக்காக சையத் மெக்காவி அமைத்திருந்த ‘அவ்காத்தி பெத்தஹ்லவ்’ பாடலை, குல்தூம் மறைந்தபின் 1979இல் பாடியவர் வர்தா. எகிப்தின் தலைமகளுக்கென வைத்திருந்த மெட்டை வெளியூர்க்காரரிடம் யாரும் எளிதில் ஒப்படைப்பதில்லை (இசையுலகப் பொறாமையை நாமும் அறிவோமே). இவ்விடத்தில் நான் குமரித்துறையின் பக்கம்.

பாலைக்கண்ணன் எழுதியது:
அப்படியே இருக்கட்டும், அம்மா. ஆனால் 2012இல் கெய்ரோவில் காலமானவரை அல்ஜியர்சுக்குக் கொண்டுசென்று, பூமெதியன் துயிலும் எல் ஆலியா இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். எகிப்தியப் பாடகிக்கு அங்கே இடம் ஏது?

குமரித்துறை எழுதியது:
இறந்தவருக்கு இடம் கொடுத்ததைச் சொல்கிறீர்கள். வர்தா பாட விரும்பிய அந்தப் பத்தாண்டுகளுக்கு இன்னும் நீங்கள் விடை சொல்லவில்லை.