மறு: பிளாக்கேட் – முற்றுகையா, தடையா, அடைப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

போர்ச் சட்டத்தில் வரும் பிளாக்கேட் (blockade) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்ற இந்த இழையை, "முற்றுகை என்றே வைத்துவிடுவோம், எல்லோருக்கும் புரியும்" என்று முடிக்கப் பார்க்கிறீர்கள், அதனால்தான் குறுக்கே வருகிறேன். புரியும், சரி. 'ஆட்சியர் அலுவலகம் முற்றுகை' என்று அடிக்கடி செய்தித்தாளில் படிக்கிறவருக்கு என்ன புரியும் என்பதுதான் என் கவலை.

> சீஜ் (siege), பிளாக்கேட் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா?

போதாது அண்ணா. சீஜ் என்பது ஓர் ஊரைப் படை நாலாபுறமும் வளைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் பணியும்வரை நெருக்குவது. அதற்கு முற்றுகை பொருத்தமான சொல், விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உழிஞை என்று அதற்குத் தனித் திணையே வகுத்தவர்கள் நாம். பிளாக்கேடின் சங்கதி வேறு. எதிரியின் கரைக்கோ துறைமுகத்துக்கோ எந்த நாட்டுக் கப்பலும் போகாமல், அங்கிருந்து வராமல் கடலில் நின்று மறிப்பது அது. ஊரைப் பிடிக்கும் எண்ணமே மறிப்பவருக்கு இல்லாமல் இருக்கலாம்.

சட்டமும் இரண்டையும் வேறாகவே பார்க்கிறது. ஊரை முற்றுகையிட யாரும் ஊருலகத்துக்கு நோட்டீஸ் கொடுப்பதில்லை. பிளாக்கேடுக்கு அறிவிப்பு கட்டாயம்: என்றைக்குத் தொடங்குகிறது, எதுவரை எல்லை, உள்ளே மாட்டிக்கொண்ட நடுநிலை நாட்டுக் கப்பல் கிளம்ப எவ்வளவு அவகாசம். எல்லா நாட்டுக் கப்பலுக்கும் ஒரே நியாயம், பக்கத்தில் இருக்கும் நடுநிலைத் துறைமுகத்தை மறிக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலாக, மறிப்பு நிஜமாகவே நடக்க வேண்டும். 1856 பாரிஸ் பிரகடனம் இதைத்தான் சொன்னது. கப்பலே நிறுத்தாமல் 'மறித்துவிட்டோம்' என்று அறிக்கை மட்டும் விட்டால் அது செல்லாது. இந்தச் செல்லாத வகைக்கு 'காகித முற்றுகை' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏட்டுச் சுரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு காகிதத்தை ஏன் தேட வேண்டும்? 'ஏட்டடைப்பு' என்றால் கேட்டவுடனே விளங்கும்.

இந்த வேறுபாடு எங்கே கழுத்தைப் பிடிக்கிறது என்றால், காஸாவில். 2007 முதல் இஸ்ரேலின் தரைவழிக் கட்டுப்பாடு, 2009 ஜனவரியில் கடல்வழி மறிப்பு அறிவிப்பு, 2010 மே 31 அன்று, மறிப்பை மீறிக் காஸாவுக்குப் போன மாவி மர்மரா கப்பலில் இஸ்ரேல் படை ஏறிய சம்பவம். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த பால்மர் குழு 2011இல் கொடுத்த அறிக்கையின் வாதமே, கடலில் மறிப்பது வேறு, தரைவழி வாயில்களில் சாமான்களைக் கட்டுப்படுத்துவது வேறு, இரண்டையும் சேர்த்து எடைபோடக் கூடாது என்பதுதான். அப்படிப் பிரித்த பிறகுதான் கடல் மறிப்பு சட்டப்படி சரி என்றும், கப்பலில் ஏறிய படை காட்டிய பலம் அளவு மீறியது என்றும் சொன்னது. ஐ.நா. மனித உரிமை மன்றம் அனுப்பிய குழு அதற்கு முந்தைய ஆண்டே மறிப்பே சட்டவிரோதம் என்று எழுதியிருந்தது. பால்மர் பிரித்த விதம் எனக்கு உடன்பாடில்லை. கரையில் இருக்கும் குழந்தைக்கு மாவு எந்த வாசலில் நின்றுபோனது என்பது முக்கியமா என்ன? அது கிடக்கட்டும். இரண்டையும் 'முற்றுகை' என்றே எழுதிக்கொண்டிருந்தால் அந்த அறிக்கையைத் தமிழில் பெயர்க்கவும் முடியாது, மறுத்து எழுதவும் முடியாது.

> கடல் மறியல்? சாலை மறியல் போல.

தமிழ்நாட்டில் மறியல் என்றால் போராட்டம், ஈழத்தில் மறியல் என்றால் சிறை. யாழ்ப்பாணத்து வாசகர் 'கடல் மறியல்' என்பதைக் கடலுக்குள் ஒரு ஜெயில் என்று படிப்பார். சுற்றிவளைப்பும் அப்படித்தான்: அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் ராணுவம் ஊரையே மைதானத்தில் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தி, முகமூடி போட்ட தலையாட்டி (ஆள்காட்டி) முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டதுதான் நினைவுக்கு வரும். அதை வேறொன்றுக்குத் தூக்கிக் கொடுப்பது நியாயமில்லை.

> அடைப்பு என்றால் எனக்குச் சாக்கடைதான் ஞாபகம் வருகிறது :-)

தனியாக நின்றால் வரும் அக்கா. கடையடைப்பு, கதவடைப்பு என்னும்போது யாருக்கும் சாக்கடை ஞாபகம் வருவதில்லையே. அதே அச்சில் கடலடைப்பு, தரையில் நடந்தால் வழியடைப்பு. 1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் மூடியது, வானத்தை மட்டும் விட்டது, சண்டை ஏதும் நடக்கவில்லை. அதைப் 'பெர்லின் முற்றுகை' என்று எழுதினால், 1945இல் செம்படை அந்த நகரத்தை நிஜமாகவே வளைத்துப் பிடித்ததை என்னவென்று எழுதுவது? 1948இல் நடந்தது வழியடைப்பு.

அடுத்து, 'தடை'. ஐ.நா. சாசனத்தையே பாருங்கள், 41ஆம் உறுப்பு பொருளாதார உறவுகளை நிறுத்துவதைச் சொல்கிறது, 42ஆம் உறுப்பில் படைபலத்தோடு செய்யும் நடவடிக்கைகளில் ஒன்றாக பிளாக்கேட் வருகிறது. முதலாவது 'உனக்கு நாங்கள் விற்க மாட்டோம்'. இரண்டாவது 'உனக்கு யாரும் விற்க முடியாது, மீறினால் சுடுவோம்'. தடை முதலாவதற்கு மட்டும் இருக்கட்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய், பேட்டரி, உரம் எதுவும் போகவிடாமல் அரசு நிறுத்தி, ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி ஏற்றிப் பிள்ளைகள் படித்தார்களே, அதை அந்த மக்கள் 'பொருளாதாரத் தடை' என்றுதான் சொன்னார்கள். அது வரலாற்றுப் பெயராகிவிட்டது, அதைத் திருத்தப் போகும் வேலை நமக்கு வேண்டாம். இனிமேல் வரும் பாடநூலிலும் அகராதியிலும் பிரித்தால் போதும்.

கியூபா 1962 பற்றி ஒரு வரி. சோவியத் ஆயுதம் கியூபாவுக்குப் போகாமல் கடலில் மறித்தபோது அமெரிக்க அதிபர் கென்னடி வேண்டுமென்றே பிளாக்கேட் என்ற சொல்லைத் தவிர்த்து, நோய்க்காலத்துச் சொல்லான குவாரண்டைனை எடுத்தார். முன்னது போர்ச் செயல் என்று பொருள்படும் என்பதால். மொழிபெயர்ப்பாளர் அந்தச் சாமர்த்தியத்தை அவிழ்த்துக் 'கடலடைப்பு' என்று போடக் கூடாது. 'தனிமைப்படுத்தல்' என்றே போட்டுவிட்டு, நடந்தது என்ன என்பதை அடுத்த வாக்கியத்தில் எழுதலாம்.

இனி, போரில் பொதுமக்களைப் பாதுகாக்கும் சட்டம் பற்றிய பகுதியில் வரும் ஸ்டார்வேஷன் (starvation) என்ற சொல்லுக்கு நீங்கள் முன்மொழிந்த 'பட்டினி நிலை', 'உணவின்மை' இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. மழை பொய்த்தால் வருவது உணவின்மை. சட்டம் பேசுவது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வதை. அதற்கு நம் வீடுகளில் புழங்கும் சொல் இருக்கிறது: பட்டினி போடுதல். மாமியார் மருமகளைப் பட்டினி போட்டாள் என்னும்போது யார் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை.

இது இலக்கண நுணுக்கம் அல்ல, சட்டம் தடுமாறிய இடமே இதுதான். ஜெர்மன் படை முற்றுகையிட்ட சோவியத் நகரமான லெனின்கிராடை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை 872 நாள். 1941 நவம்பர் கடைசியில் தொழிலாளர் அல்லாதோருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் மாவுக்குப் பதில் மரக்கூழ் கலந்தது. அந்தப் படையை நடத்திய ஜெர்மானியத் தளபதி ஃபான் லேபை 1948இல் நியூரம்பர்கில் விசாரித்த அமெரிக்க நீதிமன்றம், ஊருக்கு உணவு போகாமல் துண்டித்தது முறையான போர்முறை என்றது. தப்பி ஓடிவரும் மக்களைப் பீரங்கியால் திருப்பி விரட்டச் சொன்ன உத்தரவும் அன்றைய சட்டப்படி குற்றமில்லை என்றது. சட்டம் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டாலும், இருக்கிறபடிதான் நாங்கள் தீர்ப்பு சொல்ல முடியும் என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். அதாவது பசிக்குப் பொறுப்பு, சரணடையாமல் உள்ளே இருப்பவனுடையது. புறநானூற்றில் நம் கோவூர் கிழாரும் இதே பக்கம்தான் நின்றார்: ஆவூர்க் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த நெடுங்கிள்ளியிடம், பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, ஒன்று 'உனது' என்று எதிரிக்குக் கதவைத் திற, இல்லை போருக்குத் திற என்று அவனைத்தான் வைதார். வெளியே முற்றுகையிட்டு நின்ற நலங்கிள்ளியிடம் இந்தப் பாட்டில் ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பொறுப்பு மெல்ல மெல்லத்தான் வெளியே நிற்பவன் பக்கம் நகர்ந்தது. 1949 நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 23ஆம் உறுப்பு பொதுமக்களுக்கான மருந்துக்கு வழிவிடச் சொன்னது; உணவுக்கோ 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், இவ்வளவு பேர்தான் கணக்கு. ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977இல் சேர்த்த முதலாம் கூடுதல் நெறிமுறையின் 54ஆம் உறுப்புதான் பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகவே கையாளக் கூடாது என்று நேரே சொன்னது. உள்நாட்டுப் போரில் அதைச் செய்தால் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின் கீழ் போர்க்குற்றம் என்ற திருத்தம் 2019இல்தான் ஏற்கப்பட்டது.

கடலடைப்பில் இன்னும் ஓட்டை இருக்கிறது. கடற்போர்ச் சட்டம் பற்றி வல்லுநர்கள் கூடி எழுதிய 1994 சான் ரெமோ கையேடு (உடன்படிக்கை அல்ல) பொதுமக்களைப் பட்டினி போடுவது 'மட்டுமே' நோக்கமாக இருந்தால் அடைப்பு கூடாது என்கிறது. எந்தக் கடற்படை அப்படி ஒத்துக்கொள்ளும்? ஆயுதம் வராமல் தடுக்கிறோம் என்பார்கள். அதே பத்தியில் பொதுமக்களுக்கு வரும் கேடு ராணுவ ஆதாயத்தை மிஞ்சக் கூடாது என்று இன்னொரு நிபந்தனை இருப்பதால் ஏதோ கொஞ்சம் பிடி கிடைக்கிறது. மொழிபெயர்க்கும்போது அந்த 'மட்டுமே'யை யாரும் நல்லெண்ணத்தில் விட்டுவிடாதீர்கள், வாதம் முழுக்க அதில்தான் தொங்குகிறது.

ஆக என் வாக்கு: முற்றுகை, கடலடைப்பு, வழியடைப்பு, தடை, பட்டினி போடுதல். அப்புறம், அடைப்பை மீறி இரவோடு இரவாகச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்கள், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வில்மிங்டனுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் ஓடினவே, அவற்றுக்கு என்னிடம் சொல் இல்லை. 'அடைப்பு மீறி' என்றால் காதில் ஒட்டவில்லை, 'கள்ளக்கப்பல்' என்றால் கடத்தல்காரன் ஆகிவிடுகிறான். கரையோரத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.