கோட்பாடு மாறலாம், உறுப்பினர் மாறக் கூடாதா? யெகோவாவின் சாட்சிகளும் "விசுவாச துரோகமும்"

பெரேயன்:
இந்த இழையில் ஒரே ஒரு கேள்விதான். யெகோவாவின் சாட்சிகளில் ஞானஸ்நானம் எடுத்த ஒருவர், கூட்டத்திலோ ஊழியத்திலோ வாய் திறக்காமல், மனதுக்குள் மட்டும் "1914இல் கிறிஸ்து பரலோகத்தில் ராஜாவானார் என்பதை ஏற்க முடியவில்லை" என்று நினைக்கிறார். அவர் விசுவாச துரோகியா?

1980 செப்டம்பர் 1 தேதியிட்டுத் தலைமையகம், சபைகளைச் சுற்றிப் பார்வையிடும் பயணக் கண்காணிகளுக்கு அனுப்பிய கடிதம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மாற்றுக் கருத்தைப் பரப்பியிருக்க வேண்டிய அவசியமில்லை. வேதத்தைக் காட்டிக் கண்டித்த பிறகும், "உண்மையும் விவேகமும் உள்ள அடிமை" (இன்றைய போதனைப்படி, அமைப்பை நடத்தும் ஆளும் குழு) தரும் போதனையை விட்டு வேறொன்றை நம்பிக்கொண்டே இருந்தால் போதும், அது விசுவாச துரோகம்தான். இதோடு அமைப்பின் இதழான காவற்கோபுரத்தின் 2017 பிப்ரவரி வெளியீட்டையும் சேர்த்துப் படியுங்கள். ஆளும் குழு கடவுளால் ஏவப்பட்டதல்ல, கோட்பாட்டிலும் வழிநடத்துதலிலும் தவறு செய்யக்கூடும் என்று அதில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். தவறாக இருக்கக்கூடிய ஒன்றை நம்பாததற்கு ஒருவரை எப்படி வெளியேற்றுவது?

சுடர்விளக்கு:
நண்பரே, கடிதத்தில் பாதியைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரின் யோசனையைச் சரிசெய்ய நேரம் எடுத்து, அன்பாக முயற்சி செய்யச் சொல்வதும் அதே கடிதம்தான். சந்தேகம் வேறு, பிடிவாதம் வேறு. எல்லை இல்லாத மதம் எங்கே இருக்கிறது? பெரும்பாலான கிறிஸ்தவ சபைகள் ஏற்கும் நைசீயா விசுவாச அறிக்கையை மறுத்துவிட்டு ஒருவர் ஆயராக நீடிக்க முடியுமா?

நடுவாசல்:
நான் இரண்டு பக்கத்திலும் இல்லை. ஆயராக நீடிக்க முடியாது, சரி. ஆனால் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர் அதை மறுத்தால் பெற்ற தாய் அவரோடு பேசுவதை நிறுத்த மாட்டார். சாட்சிகளில் நீக்கப்பட்டவரோடு சொந்தக்காரர்களே பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். பதவியை இழப்பதையும் குடும்பத்தை இழப்பதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இன்னொன்று: நைசீயா அறிக்கை 325இல் எழுதி 381இல் விரித்தது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு ஒரு முறை திருத்தம் வரவில்லை.

சுடர்விளக்கு:
திருத்துவதைக் குறை என்கிறீர்கள். நாங்கள் அதை நேர்மை என்கிறோம். நீதிமான்களின் பாதை நடுப்பகல்வரைக்கும் அதிகமதிகமாய்ப் பிரகாசிக்கும் என்று நீதிமொழிகள் 4:18 சொல்கிறது. அப்போஸ்தலர்களே "இக்காலத்திலா ராஜ்யத்தைத் திரும்பக் கொடுப்பீர்" என்று தப்பாக எதிர்பார்த்தவர்கள்தான் (அப்போஸ்தலர் 1:6). அதற்காக இயேசு அவர்களைத் தள்ளிவிட்டாரா?

கல்வெட்டு:
தள்ளவில்லை. அந்தத் தப்பான எதிர்பார்ப்பை நம்பாதவர்களை அப்போஸ்தலர்களும் தள்ளவில்லை. வெளிச்சம் கூடுகிறது என்பதற்கு ஒரு சோதனை வைக்கலாம்: கூடுகிற வெளிச்சம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரக் கூடாது. ரோமர் 13இல் வரும் "மேலான அதிகாரங்கள்" யார்? 1929 வரை உலக அரசாங்கங்கள். 1929இலிருந்து கடவுளும் கிறிஸ்துவும். 1962இலிருந்து மறுபடியும் உலக அரசாங்கங்கள். 1950இல் ஒருவர் "அது அரசாங்கங்கள்தான்" என்று விடாப்பிடியாக நம்பியிருந்தால் அன்றைய கணக்கில் அவர் வழிதவறியவர். 1962க்குப் பிறகு அதே நம்பிக்கைதான் சத்தியம்.

பெரேயன் 1914ஐத் தொட்டுவிட்டதால் அதன் கணக்கையும் போட்டுவிடுகிறேன். வெளியே வந்தவர்களிலேயே பலருக்கு அது முழுதாகத் தெரியாது.

தானியேல் 4இல் வெட்டப்பட்ட மரத்தின்மேல் "ஏழு காலங்கள்" கடந்துபோகின்றன. அது எருசலேமின் அழிவோடு தொடங்கும் காலம் என்பது அவர்கள் விளக்கம். வெளிப்படுத்தல் 12ஆம் அதிகாரம் 1,260 நாளையும் மூன்றரைக் காலத்தையும் ஒன்றாகப் பேசுகிறது. அப்படியானால் ஏழு காலம் 2,520 நாள். எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 இரண்டையும் வைத்து ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு. எருசலேம் அழிந்தது கி.மு. 607 என்று வைத்து அங்கிருந்து 2,520 ஆண்டு எண்ணினால் கி.பி. 1914. நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. இயக்கத்தைத் தொடங்கிய ரஸ்ஸல் காலத்தில் அதைக் கவனிக்காமல் 606 என்று போட்டிருந்தார்கள். 1940களில் பிழையைத் திருத்தியபோது முடிவு 1915க்கு நகரவில்லை, தொடக்கம் 607க்குப் போனது. விடையை வைத்துக்கொண்டு கணக்கைச் செய்கிறார்கள் என்று இதைப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

607 எங்கிருந்து வந்தது? பாபிலோன் கி.மு. 539இல் கோரேசிடம் விழுந்தது, இதில் யாருக்கும் தகராறில்லை. யூதர்கள் 537இல் ஊர் திரும்பினார்கள் என்று கொண்டு, எரேமியா சொன்ன 70 ஆண்டைப் பின்னோக்கி எண்ணினால் 607. இடறுவது எரேமியா 25:12இல். எழுபது ஆண்டு நிறைவேறின பின்பு பாபிலோன் ராஜாவைத் தண்டிப்பேன் என்கிறது வசனம். ராஜா தண்டிக்கப்பட்டது 539இல். எழுபது ஆண்டு 537இல்தான் முடிந்தது என்றால் தண்டனை முந்திக்கொண்டுவிடுகிறது.

ஆட்சி ஆண்டுகளைக் கூட்டியும் பார்க்கலாம். நேபுகாத்நேச்சார் 43, ஏவில் மெரொதாக் 2, நெரிகிலிசர் 4, நபோனிடஸ் 17. இடையில் லபாஷி மர்தூக் சில மாதம் மட்டும். எருசலேம் விழுந்தது நேபுகாத்நேச்சாரின் 18ஆம் ஆண்டு என்று எடுத்தால் (எரேமியா 52இல் 18, 19 இரண்டும் வருகின்றன) அவர் ஆட்சியில் மிச்சம் 25. அதோடு 2, 4, 17 கூட்டினால் 48. 539உடன் 48 சேர்த்தால் 587. 607 வேண்டுமானால் இன்னொரு 20 ஆண்டு எங்காவது ஒளிந்திருக்க வேண்டும். கடன், தானியம், அடிமை விற்பனை என்று அரசரின் ஆட்சி ஆண்டைப் போட்டு எழுதிய களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அந்த 20 ஆண்டுக்கு மட்டும் ஒரு ரசீதுகூட இல்லை.

சுடர்விளக்கு:
2011 அக்டோபர், நவம்பர் காவற்கோபுரங்களில் இதற்குப் பதில் வந்திருக்கிறது. வி.ஏ.டி. 4956 என்ற வானியல் பலகை நேபுகாத்நேச்சாரின் 37ஆம் ஆண்டுக்கு உரியது. அதிலுள்ள சந்திரன் குறிப்புகள் கி.மு. 588க்கே அதிகம் பொருந்துகின்றன என்று அங்கே காட்டியிருக்கிறார்கள். பாபிலோனியப் பலகைகளா, பைபிளா என்று வந்தால் எனக்கு பைபிள்தான் முதலில்.

கல்வெட்டு:
சந்திரனை எடுத்துக்கொண்டார்கள், கோள்களை ஒதுக்கிவிட்டார்கள். சனி ஒரு சுற்று முடிக்கச் சுமார் 29½ ஆண்டு, வியாழனுக்குச் சுமார் 12 ஆண்டு. 20 ஆண்டு தள்ளிவைத்தால் இரண்டும் வேறு ராசியில் நிற்கும். பலகையில் உள்ள கோள்களின் இடங்கள் 568/567க்குப் பொருந்துகின்றன. கோள்களின் பெயர்க்குறிகள் குழப்பமானவை என்று சொல்லித்தான் அந்தக் கட்டுரை அவற்றை விட்டுவிட்டது. அப்புறம், 539ஐத் தருவதும் அதே பாபிலோனியச் சான்றுகள்தான். 539க்கு நம்பலாம், 587க்கு நம்பக் கூடாது என்றால் எப்படி?

சுடர்விளக்கு:
ஆனாலும் 1914இல் உலகப் போர் வந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்த ஆண்டைச் சுட்டிக்காட்டியது யார்?

பெரேயன்:
ஆண்டைச் சுட்டினார்கள், எதிர்பார்த்தது வேறு. கிறிஸ்துவின் காணக்கூடாத பிரசன்னம் 1874இலேயே தொடங்கிவிட்டது, 1914இல் உலக அரசாங்கங்கள் ஒழிந்துபோகும் என்பதுதான் ரஸ்ஸலின் போதனை. அரசாங்கங்கள் ஒழியவில்லை. பிரசன்னத்தின் தொடக்கம்தான் பிற்பாடு 1914க்கு மாற்றப்பட்டது.

மத்தேயு 24:34இல் இயேசு சொல்லும் "இந்தச் சந்ததி" பற்றிய கதையும் இதன் வால்தான். 1914ஐப் பார்த்த தலைமுறை ஒழிந்துபோவதற்குள் முடிவு வரும் என்ற வரி 1995 அக்டோபர் வரை அவர்களின் விழித்தெழு! இதழின் முகப்பிலேயே அச்சாகி வந்தது. அடுத்த மாதமே அது போய்விட்டது. 2010இலிருந்து வந்த விளக்கப்படி அந்தச் சந்ததி ஒன்றோடொன்று காலத்தில் மேற்படியும் இரண்டு குழுக்கள். முதல் குழு 1914ஐக் கண்ட அபிஷேகம் செய்யப்பட்டவர்கள், அதாவது பரலோகம் போகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக நம்பப்படுவோர். இரண்டாவது, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அபிஷேகம் பெற்றவர்கள். 2015இல் அமைப்பின் மாதாந்தர ஒளிபரப்பில் இதற்கு எடுத்துக்காட்டாக வந்தவர் அமைப்பின் முன்னாள் தலைவர் பிரெட்ரிக் பிரான்ஸ், 1893இல் பிறந்து 1992இல் இறந்தவர். எழுதிய பேனாக்காரருக்கே மூச்சு வாங்கியிருக்கும்.

நடுவாசல்:
நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்தவர்கள் 1975ஐப் பற்றிப் பேசும்போது "அன்று அர்மகெதோன் வரும் என்று அச்சிட்டார்கள்" (உலக முடிவுப் போர்) என்று மொட்டையாக எழுதுகிறீர்கள். 1966இல் வெளியான புத்தகம் மனித வரலாற்றின் 6,000 ஆண்டு 1975இல் முடியும் என்று அட்டவணை போட்டது, எதிர்பார்ப்பைக் கிளறிவிட்டது. ஆனால் நாள் குறித்து உத்தரவாதம் தரவில்லை. 1980 மார்ச் காவற்கோபுரம் அதற்கு வருத்தமும் தெரிவித்தது. மிகைப்படுத்தினால் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுவார்கள்.

ஆய்வகம்:
தேதிகள் தப்பினால் யாரும் சாவதில்லை. ரத்தத்துக்கு வாருங்கள். 1945இல் ரத்தம் ஏற்றுவது தவறு என்று போதனை வந்தது, 1961இல் அதற்கு சபைநீக்கம் என்றானது. இன்றைய நிலை இது: முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, பிளாஸ்மா கூடாது. இவற்றிலிருந்து பிரித்தெடுத்த கூறுகள் அவரவர் மனசாட்சிக்கு. பிளாஸ்மாவில் 90 சதவீதத்துக்கு மேல் நீர். மீதியில் இருக்கும் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், உறைதல் காரணிகளைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம், ஒரே பையில் சேர்ந்து வந்தால் பாவம். சிவப்பணுவின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான ஹீமோகுளோபினும் மனசாட்சிப் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கூறுகளுக்காக யாரோ ரத்தம் கொடுத்தாக வேண்டும். உறுப்பினர் வாங்கிக்கொள்ளலாம், தானம் செய்யக் கூடாது. அப்போஸ்தலர் 15:29இல் இந்தக் கோடு எங்கே இருக்கிறது?

சுடர்விளக்கு:
"ரத்தத்துக்கு விலகியிருங்கள்" என்று கட்டளை தெளிவாக இருக்கிறது. கூறுகளைப் பற்றி பைபிள் நேரடியாகப் பேசவில்லை, அதனால்தான் அதை மனசாட்சிக்கு விட்டார்கள். எல்லாவற்றையும் தடுத்திருந்தால் கொடுமை என்பீர்கள், விட்டுக்கொடுத்தால் முரண்பாடு என்கிறீர்கள். ரத்தம் ஏற்றாமல் அறுவை செய்யும் முறைகள் வளர்ந்ததில் எங்கள் மறுப்புக்கும் பங்கு உண்டு என்பதை மருத்துவர்களே மறுக்க மாட்டார்கள்.

ஆய்வகம்:
அந்தக் கடைசி வரியை நானும் மறுக்கவில்லை. அறுவைக்கு முன் இரும்புச்சத்தும், சிவப்பணு உருவாவதைத் தூண்டும் எரித்ரோபொய்டினும் கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிவைப்பது, அறுவையின்போது சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துத் திருப்பிச் செலுத்துவது எல்லாம் மற்ற நோயாளிகளுக்கும் பயன்படுபவை. ஆனால் இவை திட்டமிட்ட அறுவைக்கு உதவுபவை. பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போது இரும்பு ஊசி வேலை செய்ய நாட்கள் பிடிக்கும், அங்கே நிமிடங்கள்தான் இருக்கும். உறுப்பு மாற்றையும் மறக்க வேண்டாம். 1967இல் அது நரமாமிசத்துக்குச் சமம், 1980இல் மனசாட்சி விஷயம். இடைப்பட்ட 13 ஆண்டில் சிறுநீரகத்தை மறுத்தவருக்கு எந்த வெளிச்சமும் கூடவில்லை.

சுடர்விளக்கு:
மனசாட்சியைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பது வேடிக்கை. பிஜோ இம்மானுவேல் வழக்கைப் பாருங்கள். கேரளாவில் எங்கள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைச் சேர்க்கச் சொன்னது. நார்வேயில் 2022இல் எங்கள் பதிவை ரத்து செய்தார்கள், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மனசாட்சிச் சுதந்திரத்துக்கு எங்களைப் போல நீதிமன்றம் ஏறியவர்கள் குறைவு.

பெரேயன்:
அந்த 1986 தீர்ப்பு அருமையான தீர்ப்பு. அதை அப்படியே சாட்சிகள் கூடும் ராஜ்ய மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் வருகிறார், மரியாதையாக உட்காருகிறார், யாரையும் கலைக்கவில்லை, மனதார ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றை மட்டும் வாயால் சொல்ல மறுக்கிறார். அரசாங்கம் அந்த மௌனத்தை மதிக்க வேண்டும் என்று வாதாடிய அமைப்பு, தன் உறுப்பினரின் மௌனத்தை மதிக்குமா? 1954இல் எடின்பரோ நீதிமன்றத்தில் அமைப்பின் வழக்கறிஞரிடம் இதைத்தான் கேட்டார்கள். பிற்பாடு பொய்யென்று தெரிந்த தீர்க்கதரிசனத்தையும் உறுப்பினர் அன்று ஏற்றே ஆக வேண்டுமா என்று. ஆம், ஒற்றுமைக்காக, என்றார். பதிவில் இருக்கிறது.

சுடர்விளக்கு:
ஒற்றுமை இல்லாமல் சபை எதற்கு? 2024இல் நடைமுறையும் தளர்ந்திருக்கிறது. சபையிலிருந்து நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக வரவேற்கலாம், அழைக்கவும் செய்யலாம்.

கல்வெட்டு:
விசுவாச துரோகிகளுக்கு அந்தத் தளர்வு கிடையாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இந்த இழை பேசுவது அவர்களைப் பற்றித்தான்.

மௌனமாகப் படிக்கிறவர்களுக்கு நடைமுறை விவரம். கூட்டங்களுக்குப் போவதை மெல்லக் குறைத்துக்கொண்டால் "செயலற்றவர்", உறவு அறுபடாது. "விலகுகிறேன்" என்று கடிதம் கொடுத்தால், நீக்கப்பட்டவரைப் போலவேதான் நடத்துவார்கள். சந்தேகத்தை, சபையை நடத்தும் மூப்பர் ஒருவரிடம் சொன்னால் பொதுவாக முதலில் இரண்டு பேர் வந்து பேசுவார்கள், பிறகு குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு. நீக்கம் என்று முடிவானால் மேல்முறையீட்டுக்கு ஏழு நாள். அந்த அறையில் 607ஐப் பற்றியோ ஆல்புமினைப் பற்றியோ விவாதம் நடக்கும் என்று பலகை எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: ஆளும் குழுதான் உண்மையும் விவேகமும் உள்ள அடிமை என்று நம்புகிறீர்களா? அதற்கு "ஆம்", "இல்லை" இரண்டைத் தவிர எதைச் சொன்னாலும் "இல்லை" என்றே எழுதிக்கொள்வார்கள்.